எண்பத்தேழாவது நிமிடத்தில் கூப்பிட்டது யார்

ஐந்தாவது பாட்டில் தண்ணீரும் உள்ளே போயிற்று, மூத்திரம் வரவில்லை. தொண்ணூறு மில்லி வேண்டுமாம். ஒரு காபி டம்ளர்கூட நிறையாது, அதைக் கொடுத்துவிட்டால் எழுந்து போகலாம், கொடுக்காவிட்டால் இந்த நாற்காலிதான் கதி. தொண்ணூறு நிமிடம் ஓடியவளிடம் வந்து கேட்கிறார்கள். உடம்பில் இருந்ததெல்லாம் அந்தப் புல்லில் கொட்டிவிட்டதே, இனி எங்கே போய்க் கொண்டுவர. கடைசி விசில் ஊதியதும் நான் கோட்டோரம் அப்படியே குந்திவிட்டேன், நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்து தோளைத் தொட்டாள், ஆறுதல் சொல்ல வருகிறாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல், கொஞ்சம் அழுதும்விட்டேன். அவள் பொறுமையாக என் முதுகைத் திருப்பிப் பனியன் எண்ணைச் சரிபார்த்து, ஊக்கமருந்துச் சோதனைக்குச் சீட்டுக் குலுக்கியதில் உன் எண் விழுந்திருக்கிறது, இனி என் கண்ணை விட்டு மறையக் கூடாது என்றாள். சகாய ரெஜினா, இந்தியக் கால்பந்து அணி, லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பு, எண் மூன்று, வயது இருபத்தேழு, ஊர் திண்டுக்கல். வாழ்க்கையில் எனக்குக் குலுக்கலில் விழுந்த முதல் பரிசு இதுதான். அந்த நீலக் கோட்டுக்காரி இப்போது கதவருகே உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் கழிவறைக்குள் போனால் அவளும் வருவாள், நின்று பார்ப்பாள், அதுதான் அவள் வேலை, ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்கும்போது எவளுக்கு வரும்.

வந்தது, எதிரணிக்காரிக்கு வந்தது. பதினான்காம் எண். என்னோடுதான் இந்த ஜன்னல் இல்லாத அறைக்குள் நுழைந்தாள், ஒரு பாட்டில் குடித்தாள், ஏதோ பாட்டை முணுமுணுத்தாள், பத்து நிமிடத்தில் உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். ஜெயித்தவர்களுக்கு எல்லாம் சீக்கிரம் வந்துவிடுகிறது. போகும்போது என் தோளில் தட்டிவிட்டுப் போனாள், நல்ல பெண்ணாகத்தான் இருப்பாள், ஆனாலும் அந்தத் தட்டலைத் துடைத்துப் போட வேண்டும் போல இருந்தது. ஒரு சமன், ஒரு தோல்வி, இன்று இன்னொரு சமன் கிடைத்திருந்தால் காலிறுதி. நாங்கள் ஜெயிக்கக்கூட வேண்டாம். சும்மா நின்றிருந்தால் போதும். எண்பத்தாறு நிமிடம் நின்றோம், எண்பத்தேழில் விழுந்தோம். பக்கத்தில் டாக்டர் ஸ்நேகல், நாக்பூர்க்காரர், எங்கள் அணியின் டாக்டர், எனக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறார், போனில் எதையோ தள்ளிக்கொண்டே. மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட அதிகாரி அம்மாள். அவள்தான், நேரம் வீணாக வேண்டாம், இதை இப்போதே நிரப்பிவிடு என்று படிவத்தை என் மடியில் வைத்தாள். பெயர் எழுதினேன், பிறந்த தேதி எழுதினேன், அணி எழுதினேன். நான்காவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. கடந்த ஏழு நாட்களில் உட்கொண்ட மருந்துகள், மாத்திரைகள். நின்றது நின்றதுதான், நாற்பது நிமிடமாக நிற்கிறது. தண்ணீர் குடிப்பதாக நடித்துக்கொண்டிருக்கிறேன். தடை செய்த மருந்து ஒன்றும் இல்லை, சாதாரண வலி மாத்திரை, எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரில் மருந்துக் கடையில் வாங்கியது, யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் அதை எழுதினால் பக்கத்தில் இருக்கும் டாக்டர் படிப்பார். எதற்கு என்று கேட்பார். எதற்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எழுதாமல் விட்டால் என்ன. தடையில்லாத மாத்திரைக்காக எவனும் தூக்கில் போடப் போவதில்லை. கட்டத்தில் ஒரு கோடு இழுத்து, ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் பஸ்ஸில் ஏறலாம். பஸ்ஸில் சனா இருப்பாள். சனாதோய், மணிப்பூர், எங்கள் கோல்கீப்பர், ஏழு வருஷமாக முகாம்களில் என் அறைத்தோழி, முப்பத்தொரு வயது, உறக்கத்தில் பல்லைக் கடிப்பாள், காலையில் எனக்கும் சேர்த்துத் தேநீர் போடுவாள். அவள் தமிழ் கற்றுக்கொண்டது என்னிடம். பேசுவதற்கு இல்லை, ஆடுவதற்கு. முதல் முகாமில் அவள்தான் யோசனை சொன்னாள், நாம் ஆங்கிலத்தில் கத்தினால் எதிரணிக்கும் புரிகிறது, உன் மொழியில் கத்துவோம், உலகத்தில் எவளுக்கும் புரியாது. ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். ஏறு என்றால் முன்னே போ. நில் என்றால் நில். நில் அவள் வாயில் நிலு ஆகும், நான் சிரிப்பேன், அவள் தலையணையை எறிவாள். வா என்பது மட்டும் நான் அவளைக் கூப்பிடுவது. பந்து என்னைத் தாண்டிவிட்டது, என்னால் எட்ட முடியாது, இனி அது உன்னுடையது, கோலை விட்டு வெளியே வா. வா என்று காதில் விழுந்தால் வந்துவிடுவேன் ரெஜி, நான் யோசித்தால் அரை நொடி போய்விடும், ஆகையால் யோசிக்க மாட்டேன், நீ தேவையில்லாமல் கூப்பிடவும் கூடாது என்றாள். ஏழு வருஷத்தில் நான்கு முறையோ ஐந்து முறையோ கூப்பிட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் வந்தாள், ஒவ்வொரு முறையும் பந்து அவளுடையதானது.

இன்றும் வந்தாள். அவர்கள் நடுவிலிருந்து நீளமாக ஒரு பந்தை என் தலைக்கு மேலே தூக்கி அடித்தார்கள், அவர்களுடைய விங்கர், கோட்டோரம் ஓடுகிற சின்னப் பெண், எனக்குப் பக்கத்தில் கிளம்பினாள், நானும் திரும்பினேன், முதல் நான்கு எட்டு நான்தான் முன்னால், அப்போது வலது தொடை இடுக்கில் யாரோ துணியைக் கிழிப்பது போல. கிழியவில்லை. கிழியப் போகிறது என்றது. அதுதான் விஷயம், கிழியவில்லை, கிழியப் போகிறது என்று பயந்தேன், பயந்து எட்டைக் குறைத்தேன், குறைத்துவிட்டு வா என்று கத்தினேன். வா, சனா, வா. அவள் யோசிக்கவில்லை. கோலுக்கு முன்னாலிருக்கும் பெட்டிக் கோட்டைத் தாண்டி ஓடி வந்தாள், அந்தச் சின்னப் பெண் அவளைப் பார்த்தாள், பந்தை அடியில் மெதுவாகத் தொட்டாள், அது சனாவின் தலைக்கு மேலே ஏறி, அவசரமே இல்லாமல் இரண்டு முறை குதித்துக் காலியான கோலுக்குள் போயிற்று. எட்டியிருப்பேனா. இதைத்தான் ஒரு மணி நேரமாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஆறு எட்டு வைத்திருந்தால் எட்டியிருப்பேனா, எட்டி வழுக்கி விழுந்து பந்தை வெளியே தள்ளியிருப்பேனா, தசை கிழிந்தாலும் பந்து வெளியே போயிருக்குமே, கிழிந்தால் என்ன, அதற்காகத்தானே அந்தப் பனியன். எட்டியிருக்க மாட்டேன். எட்டியிருப்பேன். அவள் கோலிலேயே நின்றிருந்தால் அந்தப் பெண் சாய்ந்த கோணத்திலிருந்து அடித்திருப்பாள், சனா பிடித்திருப்பாள், அந்த மாதிரிப் பந்தை அவள் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பாள். டிவியில் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஒரு கோல்கீப்பர் காரணமே இல்லாமல் கோலைத் திறந்து போட்டுவிட்டுப் பைத்தியம் மாதிரி ஓடி வந்தாள். கூப்பிட்ட குரல் யாருக்கும் புரிந்திருக்காது. அதற்காகத்தானே அந்த மொழியையே வைத்துக்கொண்டோம், நல்ல யோசனை, ரொம்ப நல்ல யோசனை.

டாக்டர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து நீட்டுகிறார், ஆறாவது. இந்த மனுஷியிடம் பன்னிரண்டு நாளாகப் பொய் சொல்லியிருக்கிறேன். வாயால் சொல்லவில்லை, விரலால் சொன்னேன். தினமும் காலையில் எழுந்ததும் எல்லோரும் போனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், நன்றாகத் தூங்கினாயா, சோர்வு உண்டா, எங்கேயாவது வலியா, பத்துக்கு எத்தனை. ஒன்று என்று போட்டேன். மறுநாளும் ஒன்று. வெறும் பூஜ்ஜியம் போட்டால் சந்தேகம் வரும், அதனால் ஒன்று. எவ்வளவு சாமர்த்தியம். அதன் பிறகு கழிவறைக்குப் போய் இருமல் மிட்டாய் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரை, மத்தியானம் ஒன்று, ஆட்டத்தன்று இரண்டு. சனாவிடம்கூடச் சொல்லவில்லை, ஒரே அறையில் படுத்துக்கொண்டு. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது, நல்ல பதில், கோர்ட்டில்கூட நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கணுக்கால் வலித்தபோது உண்மையைச் சொன்னவள் நான். எட்டு என்று போட்டேன். நேர்மைக்கு நன்றி ரெஜினா, ஓய்வெடு என்றார் கோச். ஓய்வெடுத்தேன், ஓய்வெடுத்தேன், என் இடத்தில் வேறொருத்தி ஆடினாள், நன்றாக ஆடினாள், பெஞ்சில் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டு பதினெட்டு மாதம் ஓய்வெடுத்தேன். அப்புறம்தான் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி எனக்கு வழி கிடைத்தது. இது எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய போட்டி, அடுத்தது வரும்போது எனக்கு முப்பத்தொன்று. எட்டு என்று போட நான் என்ன முட்டாளா. முட்டாளாகவே இருந்திருக்கலாம். இன்று பெஞ்சில் இருந்தவளுக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தது, அவள் ஓடியிருப்பாள், எட்டியிருப்பாள், யாரும் யாரையும் கூப்பிட்டிருக்க வேண்டாம்.

வருகிறது. வருகிற மாதிரி இருக்கிறது. நீலக் கோட்டுக்காரி எழுந்து என் பின்னாலேயே வருகிறாள், கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும், பனியனை மார்புவரை தூக்க வேண்டும், கால்சட்டையை முழங்காலுக்குக் கீழே இறக்க வேண்டும். வெட்கப்படக்கூட முடியவில்லை, வெட்கப்பட வேறு காரியம் இருக்கிறது. நாற்பது மில்லி. கண்ணாடி அம்மாள் அளவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, முத்திரை வைத்து ஒரு பக்கம் வைத்தாள், மீதி ஐம்பது வரும்வரை உட்கார் என்றாள். டாக்டர் என் போனை எடுத்துக் கொடுத்து, உன் வீட்டிலிருந்து நிறைய குரல் செய்தி வந்திருக்கிறது, கேள், மனசு லேசானால் சீக்கிரம் வரும் என்று சிரித்தார். காதில் வைத்தேன். ஜஸ்டின் அண்ணன். "பாப்பா, அழுகாதடி. நம்ம தெருவே ஒன்னையத்தான் பேசுது, என்னா ஓட்டம் ஓடுன! அந்தக் கீப்பருக்கு என்னா கிறுக்கா பிடிச்சிருக்கு? கோலை விட்டுப்புட்டு எங்கிட்டு ஓடியாறா அவ? வேணும்னே விட்டுட்டாளோன்னு சார்லஸ் மாமா சொல்றாரு. அந்த மணிப்பூர்க்காரிய அடுத்த தடவ உள்ளயே விடக் கூடாது. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல, கேட்டியா?" பின்னாலிருந்து அம்மாவின் குரல். "யாரையும் வையாதடா. அதுவும் ஒருத்தி பெத்த பிள்ளைதான?" அண்ணன் சொன்னதில் ஒன்றும் எனக்கு உறைக்கவில்லை, அம்மா சொன்னதுதான் உறைத்தது. சனாவின் அம்மாவை எனக்குத் தெரியும், போனில் பார்த்திருக்கிறேன், எனக்குப் புரியாத பாஷையில் ஏதோ சொல்லி, திரையிலேயே என் கன்னத்தைத் தொடுவது போலக் கையை நீட்டுவாள். அவள் இந்நேரம் யாருக்கு என்ன பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ.

டிரெஸ்ஸிங் ரூமில் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய இடம் அதுதான், பத்து நிமிடம் இருந்தது, நீலக் கோட்டுக்காரி வாசலில் நிற்க நான் கால்சராய் மாற்றிக்கொண்டிருந்தேன். கோச் கதவை உதைத்துக்கொண்டு வந்தார். ஏன் வெளியே வந்தாய், நேராக சனாவிடம் போய் நின்று, ஏன் வெளியே வந்தாய், சொல், யார் வரச் சொன்னது உன்னை. யார் வரச் சொன்னது என்றே கேட்டார். கேள்வியை அப்படியே தட்டில் வைத்து நீட்டினார். நான் ஷூ லேஸைப் பார்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, அவிழ்க்க வரவில்லை, முதலில் முடிச்சை அவிழ்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அதற்குள் சனா தரையைப் பார்த்துக்கொண்டு, என் முடிவுதான் சார் என்றாள். என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது, இப்போது என்ன வேண்டுமானாலும் தோன்றும். பதினொரு வருஷம் ஆடி இதைத்தான் கற்றாயா என்றார் கோச். என் பக்கம் திரும்பி, இவளைப் பாருங்கள், கடைசிவரை ஓடினாள் என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார். கடைசிவரை ஓடவில்லை சார், ஆறு எட்டு பாக்கி. அந்தக் கை இன்னும் என் தலைமேல் இருப்பது போலவே இருக்கிறது. அவள் ஏன் சொல்லவில்லை, ஒரு வார்த்தை போதுமே, ரெஜி கூப்பிட்டாள். என்னைக் காப்பாற்றுகிறாளா, அல்லது நானே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறாளா, சோதிக்கிறாளா. இல்லை, அவளுக்குச் சோதிக்கவெல்லாம் தெரியாது. அவள் கோலில் நிற்பவள், உள்ளே போன பந்தெல்லாம் தன்னுடையது என்று நினைக்கிற ஜாதி.

மீதி ஐம்பது மில்லி ஐந்து இருபதுக்கு வந்தது. நான் எதிர்பார்க்கவே இல்லை, பொத்துக்கொண்டு வந்தது, கிண்ணம் நிறைந்து வழிந்தது. கண்ணாடி அம்மாள் முதன்முறையாகச் சிரித்தாள். இரண்டு குப்பிகளில் ஊற்றி மூடி அழுத்தி எண்களை வாசித்துக் காட்டினாள், சரிதானே என்றாள், சரி என்றேன், படிவம் எங்கே என்றாள். படிவம் என் மடியில். நான்காவது கட்டம் வெள்ளையாக இருந்தது. டாக்டர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, விட்டமின் மாத்திரை கொடுத்தேனே, அதை எழுது, வேறொன்றும் இல்லையே என்றார். இல்லை என்பதற்கு வாய் திறந்துவிட்டது. கையோ மாத்திரையின் பெயரை எழுதிவிட்டது, ஒரு நாளைக்கு இரண்டு, ஆட்டத்தன்று மேலும் இரண்டு என்று எழுதியது, பன்னிரண்டு நாள் என்று எழுதியது. ஏழு நாளைத்தான் கேட்டிருக்கிறார்கள், நான் பன்னிரண்டையும் எழுதினேன். டாக்டர் படித்தார். "எங்கே வலி?" என்றார். காட்டினேன். "எனக்கு ஒன்று, ஒன்று என்று போட்டாயே, ரெஜினா." அதில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அப்புறம் எல்லாம் வந்துவிட்டது, எனக்குத் தெரிந்த முகாம் ஹிந்தியில், முன்னும் பின்னுமாக, கால் பயந்தது, நான் நின்றேன், வா என்று கத்தினேன், அவள் சும்மா வரவில்லை, நான் கூப்பிட்டு வந்தாள், அது எங்களுக்குள் பேச்சு, வா என்றால் அவள் யோசிக்கக் கூடாது. கோச்சிடம் சொல்லுங்கள், இப்போதே போன் பண்ணுங்கள், பத்திரிகைக்காரர்களைப் பார்ப்பதற்கு முன்னால் சொல்லுங்கள்.

டாக்டர் போன் பண்ணவில்லை. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சனா, ஈரத் தலை, கையுறையைக்கூடக் கழற்றவில்லை, முன்னால் ஏழெட்டு மைக். கோல் என் தவறு, நாட்டு மக்கள் மன்னிக்க வேண்டும், இனி நான் தேசிய அணிக்கு ஆடப் போவதில்லை, இளையவர்களுக்கு வழி விடுகிறேன். இருபது நொடிதான். கீழே நேரம் போட்டிருந்தது, நாலு ஐம்பது. நாலு ஐம்பதுக்கு நான் இந்த நாற்காலியில் மூன்றாவது பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, நான்காவது கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு அறை தள்ளி அவள் இதைச் சொல்லியிருக்கிறாள். எழுந்து கதவைத் திறந்து கத்தியிருந்தால் கேட்டிருக்கும். டாக்டர் மெல்லிய குரலில், நிதானமாக யோசி, இப்போது சொன்னால் உன் இடமும் போகும், அவள் அறிவித்தது அறிவித்ததுதான், இரண்டு பேரும் போவதில் யாருக்கு என்ன லாபம், இந்த மாத்திரை விஷயத்தை நான் கோச்சிடம் வேறு மாதிரி சொல்லிக்கொள்கிறேன் என்றார். நல்லதற்குத்தான் சொன்னார். நான் படிவத்தின் கடைசிக் கட்டத்துக்குப் போனேன், சோதனை நடந்த முறை பற்றி ஏதேனும் கூற விரும்புகிறீர்களா என்று இருந்தது. எண்பத்தேழாவது நிமிடத்தில் கோல்கீப்பரை வெளியே வரச் சொன்னது நான் என்று என் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கண்ணாடி அம்மாள் படித்துவிட்டு, இது ஆய்வுக்கூடத்துக்குப் போகிற தாள், இது அவர்களுக்கு வேண்டாத விஷயம் என்றாள். எனக்குத் தெரியும் என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு நகலைக் கிழித்து என் கையில் கொடுத்தாள்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது, குளிர் காதைக் கடிக்கிறது, பஸ் இன்ஜினை ஓட விட்டுக்கொண்டு நிற்கிறது. எனக்காக ஒன்றரை மணி நேரமாக எல்லோரும் காத்திருக்கிறார்கள். படியில் ஏறும்போது தொடை இழுக்கிறது, இழுக்கட்டும். முதல் இருக்கையில் கோச், கண்ணை மூடியிருக்கிறார். "வந்தாச்சா, கிளம்பலாம்," என்கிறார் யாரோ. நான் உட்காரவில்லை. கடைசி வரிசையில் சனா, பையை மடியில் வைத்துக்கொண்டு. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, எழுந்து நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள், மறுபடி ஆட்டுகிறாள். ஏழு வருஷமாக மைதானத்தில் அவள் சொன்னதற்கெல்லாம் நான் கீழ்ப்படிந்திருக்கிறேன். "சார், ஒரு நிமிஷம், வண்டியை எடுக்க வேண்டாம்," என்கிறேன், அதே முகாம் ஹிந்தியில், குரல் எனக்கே பெரிதாகக் கேட்கிறது. "அவளா வெளியே வரல. நான் கூப்பிட்டேன். என் கால் பன்னிரண்டு நாளா சரியில்லை, உங்ககிட்ட மறைச்சுட்டேன், ஓட முடியாம அவளைக் கூப்பிட்டேன்." கோச் என்னைத் திட்டுவார் என்று நிற்கிறேன், அவர் என்னைப் பார்க்கவே இல்லை, மெதுவாகத் திரும்பிப் பின்னால் அவளைப் பார்க்கிறார், எல்லோரும் திரும்பி அவளைப் பார்க்கிறார்கள். சனா உட்கார்ந்துவிட்டாள். பையைக் கட்டிக்கொண்டு, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுகிறாள். இந்த ஏழு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.